அலரும் அறத்தொடு நிலையும்: நோயாளியின் மறைபொருள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

நோயுற்ற ஒருவர் மருத்துவரிடம் கூறும் செய்தியும், மருத்துவர் அவர் உடலிலிருந்து அறிந்துகொள்ளும் செய்தியும் எவருக்கு உரியவை என்னும் வினா, அண்மைக் காலத்தில் சட்டத்துறையின் வினாவாகவே பெரிதும் கருதப்பட்டு வருகின்றது. உரிமை, விதிவிலக்கு, இழப்பீடு என்னும் சொற்களுக்குள் அவ்வினா அடங்கிவிடுவதில்லை. பிறர் மறையை அறிந்த ஒருவர் அதனை எவரிடம், எப்பொழுது, எதன் பொருட்டுச் சொல்லலாம் என்பது அறத்தின் வினா. அதனைத் தமிழ் அகப்பொருள் இலக்கணம் தனக்குரிய களத்தில் நுணுக்கமாக எண்ணிப் பார்த்துள்ளது. சென்னை மருத்துவமனை ஒன்றில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கை அவ்விலக்கணத்தின் துணைகொண்டு மீள நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கு

1995ஆம் ஆண்டு சூன் திங்களில், நாகாலாந்து அரசுப் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவத்திற்காகச் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட ஒருவருக்குத் துணையாக வந்திருந்தார். அறுவைக்குக் குருதி தேவைப்பட்டபோது அவரிடமும் குருதி கேட்கப்பட்டு, மாதிரி எடுக்கப்பட்டது. அதே ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் நிகழவிருந்த அவருடைய திருமணம் பின்னர் நின்றுபோயிற்று. மருத்துவமனையின் ஆய்வில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகத் தெரிந்த செய்தி வெளிப்பட்டதே காரணம். உற்றாரும் ஊராரும் அறிந்தனர், சமூகம் ஒதுக்கியது, நவம்பர் இறுதியில் அவர் கொகிமாவை விட்டு நீங்கிச் சென்னையிலேயே தங்கிப் பணிபுரியலானார். மருத்துவமனை தம் மறையைக் காக்கத் தவறியது என அவர் தொடுத்த முறையீட்டைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 1998இல் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கின் பெயர் 'எக்ஸ் எதிர் இசட் மருத்துவமனை' என்பதாகும்.

நீதிமன்றத்தின் வாதம் எளிமையானது. மருத்துவர் நோயாளியின் மறையைக் காக்கக் கடமைப்பட்டவர். தனியுரிமையும் வாழ்வுரிமையின் கூறே. ஆயின் அது வரம்பற்றதன்று. மணமகளாகவிருந்த 'ஒய்' என்பவருக்கும் நலமாக வாழும் உரிமை உண்டு. இரண்டு உரிமைகள் மோதும்போது பொது ஒழுக்கத்தை முன்னெடுத்துச் செல்லும் உரிமையே நிலைபெறும். இந்த அளவில் தீர்ப்பை மறுப்பதற்கில்லை. தன் உயிருக்கு நேரவிருக்கும் கேட்டை ஒரு பெண் அறியாமலே மணவறைக்குச் செல்லவேண்டும் என எந்த அறநூலும் கூறாது. ஆயினும் நீதிமன்றம் அவ்வளவில் நிற்கவில்லை. தொற்றுடையவரின் திருமண உரிமையே இடைநிறுத்தம் பெற்றதாகும் எனவும் மொழிந்தது. தன் நிலையை மறைக்காமல் கூறி, அதனை அறிந்தே உடன்பட்ட ஒருவரை மணப்பவரையும் இவ்வுரை தடுத்துவிடும் என்பது கருதப்படவில்லை. 2002 திசம்பர் 10ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமண உரிமை பற்றிய அப்பகுதி அவ்வழக்கின் முடிவுக்குத் தேவையற்றது எனத் தெளிவுபடுத்தியது. நான்கு ஆண்டுகள் அவ்வுரை நாட்டின் சட்டமாகக் கருதப்பட்டு வந்தமை நினைவிற்கொள்ளத் தக்கது.

வழக்கின் நெஞ்சான வினா வேறோர் இடத்தில் உள்ளது. 'ஒய்' அறியவேண்டுமா என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. செய்தி எவர் வாயிலாக, எந்த வரிசையில் சென்றது, உரியவருக்கே அது முதலில் உரைக்கப்பட்டதா, அவரே சொல்வதற்கு வாய்ப்பு நல்கப்பட்டதா என்பவை தீர்ப்பின் மையத்தில் இடம்பெறவில்லை. ஒருவர் அறியவேண்டிய செய்தியை ஓர் ஊரே அறிந்தது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே இங்கு ஆராயத்தக்கது.

உற்றவர் சொல்லும் சொல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அவை. நோயுற்றவர் இங்கு மருத்துவத்தைப் பெறுபவராக மட்டும் நிற்கவில்லை. மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே நிற்கின்றார். பரிமேலழகர் இந்நான்கையும் நந்நான்காக விரித்துரைக்கும்போது, நோயுற்றவருக்குரிய தகுதிகளுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மையைக் கூறுகின்றார். மருத்துவருக்குரியவற்றுள்ளும், அருகிருப்பவருக்குரியவற்றுள்ளும் மனம், மொழி, மெய் ஆகியவற்றின் தூய்மையை வைக்கின்றார். மறைகாத்தல் என்னும் சொல் அவ்வுரையில் இல்லை. ஆயினும் இவ்விரு தகுதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு தொடர்பு புலனாகின்றது. சொல்பவர் அஞ்சாமல் சொல்லவேண்டுமாயின் கேட்பவரின் மொழி தூயதாக இருத்தல் வேண்டும். கேட்பவர் என்பது மருத்துவரை மட்டும் குறிப்பதன்று. ஊசி போடுபவர், சீட்டு எழுதுபவர், குருதி எடுப்பவர், படுக்கையருகே நிற்பவர் ஆகிய அனைவரும் அதனுள் அடங்குவர்.

வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்கிதை, மாணாக்கர் ஏற்கவேண்டிய உறுதிமொழியில், நோயாளியின் இல்லத்துச் செய்திகளை வெளியிடலாகாது என விதிக்கின்றது. கிரேக்க மரபின் இப்போகிரட்டீசு உறுதிமொழியும் இவ்வாறே கூறுகின்றது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறைகளும் நோயாளியின் மறையை வெளியிடுவதைத் தொழில்சார் ஒழுக்கக்கேடாக வகுத்தன. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ நேரும் கடும் இடர், அறிவிக்கப்படவேண்டிய நோய்கள் ஆகிய மூன்று இடங்களில் விலக்களித்தன. இம்மரபுகள் அனைத்தும் மறையை மருத்துவரின் கடமையாகவே நோக்கின. நோயாளியின் உரிமையாக அது பேசப்பட்டது மிகப் பிற்காலத்திலாகும். இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தது 2017 ஆகத்து 24ஆம் நாள்.

பெயர் சுட்டாமையும் வேப்பம்பூவும்

அன்பின் ஐந்திணை பாடும்போது தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் அகத்திணையியலில் வகுக்கும் விதி. பெயர் சுட்டப்பட்டால் அப்பாட்டு அகம் என்னும் எல்லையைக் கடந்துவிடும். இவ்விதி தனியுரிமையைக் காக்க எழுந்தது எனக் கூறுவது மிகையாகும். உணர்வை எல்லார்க்கும் பொதுவாக்கும் இலக்கிய நோக்கே அதன் அடிப்படை. எனினும் அவ்விதியை உரையாசிரியர்கள் பயன்படுத்திய முறை நம் பொருளுக்குப் பெரிதும் துணைசெய்கின்றது.

பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை இதற்குத் தக்க சான்று. நக்கீரர் அதில் தலைவனின் பெயரை யாண்டும் கூறவில்லை. பிரிவால் வருந்தும் அரசியும், பாசறையில் துயிலாத அரசனும் பெயரின்றியே வருகின்றனர். ஆயின் பாசறைக் காட்சியில் வேம்பு சூட்டிய வேல் ஒன்று காட்டப்படுகின்றது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பினாலேயே, பாட்டின் பொருள் அகம் போலத் தோன்றினும் இது புறமே என நச்சினார்க்கினியர் முடிவு செய்கின்றார். பெயர் மறைந்திருப்பது போதாது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் மறைந்திருத்தல் வேண்டும் என்பதே அம்முடிவின் சாரம். அம்முடிவு பொருந்துமா என்பது பற்றித் தமிழறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் இங்குத் தேவையன்று. அடையாளம் பெயருக்கு நிகரானது என்னும் நுட்பமே வேண்டுவது.

இவ்வளவுகோலைக் கொண்டு 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிப்பவர் வியப்புறுவர். வழக்குத் தொடுத்தவரின் பெயர் அதில் 'எக்ஸ்'. ஆனால் அவர் துணையாக வந்த நோயாளியின் முழுப்பெயரும், அவருக்கிருந்த பெருந்தமனி நோயும், அறுவை நிகழ்ந்த நாளும், அவருடைய ஊர்தி ஓட்டுநரின் பெயரும் தீர்ப்பின் உண்மை விவரப் பகுதியில் அச்சேறியுள்ளன. மறை பற்றிய வழக்கின் தீர்ப்பே, வழக்கில் எவ்விதத்திலும் தொடர்பற்ற வேறொருவரின் நோயை உலகறியச் செய்துவிட்டது. அப்பெயரே 'எக்ஸ்' என்பவரைக் காட்டும் வேப்பம்பூவாகவும் அமைந்துவிட்டது. சில சட்ட வெளியீடுகளிலோ அவ்வழக்கு அவருடைய இயற்பெயராலேயே வழங்கப்படுகின்றது. இதனைத் தீயநோக்கம் எனக் கூறவியலாது. பெயருக்குப் பதில் ஓர் எழுத்தை இட்டுவிட்டால் மறை காக்கப்பட்டுவிடும் என்னும் எளிய நம்பிக்கையின் விளைவு இது.

பெருந்தொற்றுக் காலம் இதனை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. 2020இல் சென்னையில் தொற்றுடையோர் வீடுகளின் முகப்பு தகரத் தட்டிகளால் அடைக்கப்பட்டது. பல ஊர்களில் அறிவிப்புத் தாள்கள் வாயிலில் ஒட்டப்பட்டன. எவர் பெயரையும் எவரும் உரைக்கவில்லை, தட்டியே உரைத்தது. அவ்வாண்டு திசம்பர் 9ஆம் நாள், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்த் தகுந்த அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டுதல் கூடாது என உச்சநீதிமன்றம் கூறியது. அதற்குள் முதல் அலை பெரும்பாலும் ஓய்ந்திருந்தது.

எவரிடம், எந்த வரிசையில்

மறையைக் காத்தல் எளிய பாதி. சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் எவ்வாறு சொல்வது என்பது கடினமான பாதி. இவ்விடத்தில் அகமரபு இரண்டு கருத்தாக்கங்களைத் தருகின்றது. ஒன்று அம்பலும் அலரும்; மற்றொன்று அறத்தொடு நிற்றல்.

அம்பல் என்பது விரியவிருக்கும் அரும்பு போன்ற முணுமுணுப்பு. அலர் என்பது இன்னாரோடு இன்னார் என விளங்க உரைக்கப்படுவது. இறையனார் அகப்பொருள் உரை இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகின்றது. இவ்விரண்டிற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: சொன்னவர் எவர் என்பது தெரியாது. அலருக்கு உரிமையாளர் இல்லை. ஆதலால் பொறுப்பாளரும் இல்லை. கொகிமாவில் நிகழ்ந்தது இதுவே.

அறத்தொடு நிற்றல் இதற்கு நேர்மாறானது. தலைவியின் களவொழுக்கம் மறைக்கப்பட்டுள்ளது. அவள் மேனி வேறுபடுகின்றது. தாய் அதனை நோய் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள். தவறான மருத்துவம் நிகழவிருக்கின்றது. வேறொருவர்க்கு மணம் பேசுதலாகிய பெருங்கேடும் நேரலாம். இந்நிலையில் மறையை அறிந்த தோழி பேசுகின்றாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் அறத்தொடு நிற்பர் என இலக்கணம் ஒரு வரிசையை வகுக்கின்றது. முதற்சொல் தலைவியுடையதே என்பது கருதத்தக்கது. ஒவ்வொருவரும் அடுத்து அறியவேண்டியவரிடம் மட்டுமே உரைக்கின்றனர். சொல்லும் முறைகளையும் தொல்காப்பியம் ஏழாக வகுத்துள்ளது. உள்ளதை உள்ளவாறே உரைத்தல் அவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்சு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவு, 'எக்ஸ்' வழக்கில் கேட்கப்படாது விடப்பட்ட வினாக்களுக்கு விடை கூறுவது போல அமைந்துள்ளது. மருத்துவரோ ஆற்றுப்படுத்துநரோ அன்றி மருத்துவப் பணியாளர் வேறெவரும் வாழ்க்கைத்துணைக்கு அச்செய்தியை உரைக்கலாகாது. அவர்களும், துணைவருக்கு உண்மையான தொற்றிடர் உண்டு எனக் கருதவேண்டும். தொற்றுடையவரே சொல்லுமாறு அவரை ஆற்றுப்படுத்தியிருக்கவேண்டும். அவர் சொல்லமாட்டார் எனத் தெளிந்திருக்கவேண்டும். தாம் சொல்லப்போவதை அவரிடம் முன்னரே கூறியிருக்கவேண்டும். செய்தியை நேரில், ஆற்றுப்படுத்தலுடன் உரைக்கவேண்டும். தொற்றுடையவர் பெண்ணாக இருந்து, வெளியிடுவதால் அவர் தாக்கப்படவோ கைவிடப்படவோ கூடும் என்னும் நியாயமான அச்சம் இருப்பின் மருத்துவர் கூறலாகாது. சட்டம் வகுத்தோர் அகப்பொருள் பயின்றவர் அல்லர். ஆயினும் முதற்சொல் உரியவருடையது, அடுத்தவர் அறியவேண்டியவர் மட்டுமே, உரைப்பவர் தம் முகத்தோடும் பொறுப்போடும் நிற்கவேண்டும் என்னும் மூன்றிலும் அறத்தொடு நிலையின் அமைப்பை அது ஒத்திருக்கின்றது.

இவ்வொப்புமைக்கு ஒரு வலுவான தடை உண்டு. அகமரபில் வரிசை இறுதியில் தந்தையிடமும் தமையன்மாரிடமும் சென்று முடிகின்றது. பெண்ணின் மறை குடும்பத்தின் உடைமையாகவே கருதப்பட்டதன் சான்றன்றோ அது எனக் கேட்கலாம். கேள்வி முறையானதே. அம்மரபை மாதிரியாகக் கொள்ளலாம், சட்டமாகக் கொள்ளலாகாது. குடும்பமே நோயாளியின் குரல் என்னும் எண்ணம் இன்றும் மருத்துவமனைகளில் நிலவுகின்றது. மயக்கநிலையிலிருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாய் அளித்த ஒப்புதலின் பேரில் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், 2008 சனவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வொப்புதல் செல்லாது என்றது. வயதுவந்த ஒருவர் சிறிது நேரம் மயங்கியிருப்பதால் தம் உடல்மீதான முடிவுரிமையை இழப்பதில்லை. உயிருக்கு உடனடி இடர் இல்லாதபோது அவர் விழிக்கும்வரை காத்திருத்தலே முறை. தாயன்பை அத்தீர்ப்பு ஐயுறவில்லை. அன்பு ஒப்புதலுக்கு மாற்றாகாது என்றது.

முதற்சொல் உரியவருடையதாக இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு வேலூரும் சென்னையும் பழைய சான்று ஒன்றைக் கொண்டுள்ளன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதி மாதிரிகள் திரட்டப்பட்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்யப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று புலப்பட்டது. அறிவியல் நோக்கில் அது அரிய பணி; அதனால் காக்கப்பட்ட உயிர்கள் பல. எனினும் அம்மாதிரிகள் காவலில் இருந்த பெண்களிடமிருந்து பெறப்பட்டவை. தொற்றுடைய பெண்கள் அதன் காரணமாகவே காப்பகங்களில் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டதும், சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கின் பின்னரே விடுவிக்கப்பட்டதும் பின்னைய வரலாறு. செய்தி சட்டப்பேரவை வரை சென்றது. அப்பெண்களின் சொல் எங்கும் பதிவாகவில்லை.

எல்லைப்புறத்து ஏடுகள்

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களில் இச்சிக்கல் மற்றொரு வடிவம் கொள்கின்றது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படுவதற்கு முன் இந்நிலப்பகுதி வட ஆர்க்காட்டோடு இணைந்திருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தபோது இது ஆந்திரத்திலேயே நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கு இன்றும் வாழ்கின்றன. அரசு அலுவல் தெலுங்கில் நடைபெறுகின்றது. கடுநோய் உற்றோர் தெற்கே வேலூருக்கோ வடக்கே திருப்பதிக்கோ செல்கின்றனர். எங்குச் சென்றாலும் கையில் தரப்படும் ஏடு ஆங்கிலத்தில் உள்ளது.

2002ஆம் ஆண்டின் நெறிமுறைகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைப் பட்டயம், நோய் பற்றிய விளக்கத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் அளிக்கவேண்டும் என்கின்றது. இவற்றுள் முன்னது ஏட்டைத் தருகின்றது. பின்னது பேச்சைத் தருகின்றது. ஏட்டின் மொழியைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. வீடு திரும்பியபின் அதில் என்ன எழுதியிருக்கின்றது என அறிய விரும்பும் ஒருவர், கல்லூரி செல்லும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ அதனை நீட்டவேண்டியுள்ளது. படிப்பவர் நல்லெண்ணத்தோடே படிக்கின்றார். மாலைக்குள் தெரு அறிந்துவிடுகின்றது. இங்கு மருத்துவர் நெறி தவறவில்லை. மருத்துவமனை ஏட்டை எவரிடமும் கொடுக்கவில்லை. சட்டத்தின் எப்பிரிவும் மீறப்படவில்லை. அலர் மட்டும் எழுந்துவிட்டது. மறை பற்றிய சட்டங்கள் அனைத்தும், உரியவர் தம் மறையைத் தாமே படிக்க வல்லவர் எனக் கருதிக்கொண்டு எழுதப்பட்டவை. அக்கருதுகோள் பொய்க்கும் இடத்தில் உரிமை வெறும் தாளாக நிற்கின்றது.

இதே மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் தொலைமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. சிற்றூர் நோயாளியின் படங்களும் குறிப்புகளும் கம்பியில்லா வழியே பெருநகரத்து வல்லுநரை அடைந்தது அன்று புதுமை. இன்று அது நாடு தழுவிய ஏற்பாடாக விரிந்துள்ளது. 2021 செப்டம்பரில் நாடெங்கும் அறிமுகமான ஆயுஷ்மான் பாரத் எண்ணியல் இயக்கம் ஒவ்வொருவரின் மருத்துவ வரலாற்றையும் ஓர் எண்ணோடு இணைக்க முனைகின்றது. இசைவின்றிப் பகிரப்படாது என்பது அதன் கொள்கை. ஆயின் 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளைத் தனிப்பிரிவாக, நுண்ணிய தகவலாக வகைப்படுத்தின; 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அவ்வாறு ஒரு தனிப்பிரிவை வகுக்கவில்லை. கைபேசி எண்ணும் காசநோயும் சட்டத்தின் முன் ஒரே தரத்தில் நிற்கின்றன. உரையாசிரியர் ஒரு பூவுக்குத் தந்த எடை நோய்க்குத் தரப்படவில்லை.

ஆய்வுக்காகத் தரவுகள் வெளியிடப்படும்போது பெயர் நீக்கப்படும் என்பர். வயது 45, நெசவாளர், இன்ன மண்டலம், அரிய குருதி நோய் என நான்கு குறிப்புகள் எஞ்சினால் பெருநகரத்தில் அவர் மறைந்துவிடுவார். சில நூறு வீடுகளே உள்ள ஓர் ஊரில் அந்நான்கும் சேர்ந்தால் வாயிற்கதவையே காட்டிவிடும். அச்சம் கொண்டவர் அடுத்த முறை தம் தொழிலையும் ஊரையும் மாற்றிச் சொல்லக்கூடும். நோயின் தொடக்க நாளையும் சேர்த்தே மாற்றிச் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்லப்பட்டதை வைத்துக்கொண்டே மருத்துவர் மருந்து எழுதவேண்டியிருக்கும்.